போட்டுப் பார்க்க வந்தவர்

1999 நவம்பர் 20, சனிக்கிழமை. காலையில் சாப்பிட்டு, என் ஒரே தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மலிவான விசிடி பிளேயர் வாங்கக் கணபதி கடைவீதிக்குப் போனேன். கடையில் எனக்கு முன்னால் நின்ற வயதான வேட்டிக்காரர், டிஸ்கைத் துண்டால் துடைத்து நீட்டினார்.

"ஏனுங்க, இது எம்பி3ங்க. மக அமெரிக்காவுல பேசி அனுப்புனது. பிளேயர் பெட்டியில எம்பி3 பாடும்னு எழுதியிருந்தாலும் நம்பமாட்டனுங்க, போட்டுக் காட்டுங்க."

பிளேயரில் ஒரு பெண் குரல் கேட்டது: "அப்பா, சாப்டீங்களா?"

"சாப்ட்டுட்டாருங்க அம்மணி!" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தோம். பெரியவர் முகம் மலர்ந்தது.

"பில் போடட்டுங்களா?"

"வேண்டாமுங்க. ஊட்டுல போட்டா பதில் சொல்ல ஆளில்லீங்க."

டிஸ்கை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குள் நுழைந்தார்.

அந்தப் பிளேயரை நான் வாங்கி வந்தேன். மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக ஒரு பாட்டைப் போட்டு, நன்றாகப் பாடுகிறது என்று ஆளில்லாத அறையில் வாய்விட்டுச் சொன்னேன்.