மூன்று கைகளும் ஒரு லெஃப்ட் பேக்கும்

திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பது. மண்டி மொஹல்லாவில் நான் வழக்கமாகக் காப்பி குடிக்கும் ஹோட்டலுக்கு எதிரே ஒரு கீரை வண்டி நின்றிருந்தது. கீரைக்கட்டுகள் வாடாமலிருக்க விரித்திருந்த ஃப்ளெக்ஸில் எங்கள் ஹாக்கி அணியின் நட்சத்திர வீரர் மட்டையை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய காதின் மேல் தராசு இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் அந்த ஃப்ளெக்ஸைக் கட்டியபோது பட்டாசு வெடித்தார்கள். சனிக்கிழமை அவர் ஊரைவிட்டுப் போனார். ஞாயிறு ஒரே நாளில் அவரை அவிழ்த்துக் கீரைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஊரில் சில வியாபாரிகள் சேர்ந்து, ஹாக்கி சங்கத்தின் அங்கீகாரத்தோடு நடத்தும் லீக் அது. ஆறு அணிகள். வீரர்களை ஏலத்தில் எடுப்பார்கள். பணம் உள்ள அணி எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய்விடாதபடி, ஓர் அணி தன் வீரர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்துக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்திருந்தார்கள். எங்கள் அணி அதில் ஏறக்குறையப் பாதியை இந்த ஒருவர் மேல் வைத்தது. வடக்கிலிருந்து வந்தவர், பெனால்டி கார்னர் அடிப்பதில் கெட்டிக்காரர். ஐந்து ஆட்டம் ஆடினார், வெளிநாட்டு கிளப் ஒன்று கூப்பிட்டது, போய்விட்டார். இன்னும் ஐந்து ஆட்டம் பாக்கி இருந்தது.

லீக் விதிகளை நான் படித்திருந்தேன். பத்திரிகையில் முப்பது வருடம் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், செய்திக்குறிப்புக்காக அவற்றைச் சுருக்கித் தரும் வேலை என்னிடம் வந்தது. விதி தெளிவாகவே இருந்தது. காயம் பட்டு விலகினாலொழிய, இடையில் போகும் வீரரின் சம்பளம் லீக் முடியும்வரை உச்சவரம்புக் கணக்கிலேயே நிற்கும். பாதி ஆட்டங்கள் முடிந்தபின் அணியே விடுவிக்கும் வீரருக்கும் அப்படியே. ஆள் போவார்; அவர் அடைத்திருந்த இடம் காலியாகாது. விடுவித்தவரை மறுபடி சேர்க்கவும் முடியாது.

ஹோட்டலில் எங்கள் மேசை சுவரோரம். அணியின் உரிமையாளர் பிளாஸ்டிக் குடம், வாளி மொத்த வியாபாரி. அப்பா காலத்தில் கொள்ளேகாலிலிருந்து வந்த குடும்பம். "இது ஜனங்க டீம்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆட்டத்துக்கு மறுநாள் காலை அந்த மேசைக்கு யார் வந்தாலும் ஓட்டு உண்டு. முக்கியமான முடிவுகளைக் கை தூக்கச் சொல்லித்தான் எடுப்பார். சட்டையின் நிறம், கேப்டன் யார், இடைவேளையில் ஆரஞ்சா வாழைப்பழமா, எல்லாம் அங்கே தீர்மானமானவை. சிற்றுண்டிக்கு அவரே காசு கொடுப்பார். அவர் நினைத்ததற்கு மாறாக ஒரு கை உயர்ந்து நான் பார்த்ததில்லை.

அன்று மேசையில் அவரையும் என்னையும் தவிர இரண்டு பேர். ஒருவர் முன்னாள் வங்கி குமாஸ்தா. மற்றவர் ஊரோரம் ஹெப்பாளில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர். எட்டு மணி கம்பெனி பஸ்ஸுக்கு முன் தினமும் வந்துவிடுவார்.

"துரோகி ஸார் அவன்," என்றார் வங்கிக்காரர், செட் தோசையைப் பிய்த்துக்கொண்டே. "பாதி சீசன்ல மட்டையைத் தூக்கிக்கிட்டு ஓடறதாவது? ஒரு கமிட்மென்ட் வேணாம்?"

இவர் பதினொரு வருட சர்வீஸ் மிச்சமிருக்கும்போது விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்.

"லாயல்டியே இல்ல குரு இந்தக் காலத்துல," என்றார் ஐ.டி. இளைஞர். நான்கு வருடங்களில் இது அவருக்கு மூன்றாவது கம்பெனி. இதிலும் ராஜினாமா கொடுத்து நோட்டீஸ் காலத்தில் இருந்தார்.

"அவன் போனா போகட்டும்யா," என்றார் உரிமையாளர். "அவன் மூஞ்சியப் போட்டு முந்நூறு வாளி அடிச்சு வெச்சிருக்கேன். அதை யார் தலையில கட்டறது?"

"சுவத்துப் பக்கமாத் திருப்பி வெச்சுக்கச் சொல்லுங்க யஜமான்ரே," என்றார் இளைஞர்.

"பாத்ரூம்ல அவன் மூஞ்சியப் பாக்கணும்னு யார் தலையெழுத்து?" என்று வங்கிக்காரர் சேர்ந்துகொண்டார். மூன்று பேரும் சிரித்தார்கள். சட்னி இன்னொரு முறை வந்தது.

பிறகு நாற்பது நிமிடம் அந்த ஆளைப் பற்றியே. போனது சரியா தவறா, சொல்லிவிட்டுப் போனானா சொல்லாமல் போனானா, ஆரம்பத்திலிருந்தே அவன் கண் வெளிநாட்டின் மேல்தான் இருந்ததா. கடைசி ஆட்டத்தில் கோல் அடித்தபின் ரசிகர்கள் பக்கம் பார்க்காமலே நடந்தான் என்பதை வங்கிக்காரர் ஒரு சாட்சியம்போல் சொன்னார். ரசிகர்கள் பக்கத்தில் அன்று இருபது பேர்கூட இல்லை என்பது என் குறிப்பேட்டில் இருக்கிறது. வங்கிக்காரரும் அன்று வரவில்லை; போனில் பார்த்தார்.

காரியத்துக்கு வந்தது ஐ.டி. இளைஞர்தான். பெங்களூரில் ஒரு ஃபார்வர்டு கிடைப்பான், நாளைக்கே வருவான். உச்சவரம்பில் மிச்சமிருக்கும் இடத்தைவிட அவன் சம்பளம் கொஞ்சம் கூட. அந்தக் கொஞ்சத்துக்கு இடம் பண்ண வேண்டும். போனை எடுத்து மேசை நடுவில் வைத்தார். கற்பனை அணி சேர்த்து விளையாடும் செயலி அது. மேசையில் எல்லாருமே மாதக்கணக்காக அதில்தான் விழுந்து கிடந்தார்கள்.

"இங்க பாருங்க. இவனைத் தூக்கறேன். தூக்கின உடனே இவனோட பாயின்ட் எனக்குத் திரும்பி வந்துடுது பாத்தீங்களா? அந்த இடத்துல இன்னொருத்தனைப் போடறேன். ஆயித்து, முடிஞ்சுது. லெஃப்ட் பேக்கைத் தூக்கினா பெங்களூர்க்காரனுக்குச் சரியா இடம் வந்துடும்."

இடப்பக்கம் தடுத்தாடும் லெஃப்ட் பேக் ஹனூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் கொஞ்சம் மஞ்சளும் சோளமும். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆட்ட நாட்களில் சம்பளமில்லாத லீவு போட்டு வருவார். பொதுத்துறை நிறுவனம் ஒன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கிறது என்று ஒரு வாரத்துக்கு முன் என்னிடம் வந்திருந்தார். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அங்கீகாரம் உள்ள ஒரு லீக்கில், லீக் முடியும்வரை அணிப் பட்டியலில் இருப்பவர் என்று உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று ஒன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை இணையத்தில் அனுப்பலாம். அடுத்த மாதம் அவருக்கு வயது வரம்பு தாண்டுகிறது. அடுத்த முறை என்று ஒன்று கிடையாது. உரிமையாளருக்கும் இது தெரியும். கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

"அவனையா?" என்று மட்டும் கேட்டார் உரிமையாளர்.

"நம்ம பையன்தானே யஜமான்ரே. வேற யாரையாவது தூக்கினா சண்டைக்கு வருவாங்க. இவன் தப்பா எடுத்துக்க மாட்டான்."

"தங்கமான பையன்," என்றார் வங்கிக்காரர். அது அவரை நீக்குவதற்கான காரணமாகச் சொல்லப்பட்டது.

நான் சொன்னேன். செயலியில் உள்ள விதி வேறு, லீக் விதி வேறு. பாதி ஆட்டம் முடிந்துவிட்டது, இவரை விட்டால் இவர் சம்பளமும் கணக்கில் நிற்கும், இடம் வராது, திரும்ப எடுக்கவும் முடியாது என்று சொன்னேன்.

"ஸாருக்கு எல்லாத்துக்கும் ஒரு விதி," என்றார் இளைஞர். "சும்னே பயமுறுத்தாதீங்க ஸார். உலகம் பூரா இப்படித்தான்."

உரிமையாளர் என் தோளில் தட்டினார். "பேப்பர்ல தப்பு வந்தா மறுநாள் திருத்தம் போடுவீங்கல்ல? தப்பா இருந்தா நாமளும் போட்டுக்கலாம். சரி, கை தூக்குங்க."

மூன்று கைகள். ஒன்றில் தோசைத் துண்டு இருந்தது. நான் தூக்கவில்லை. ஒரு முறை சொல்லியாகிவிட்டது, கேட்காதவர்களுக்கு இரண்டாம் முறை சொல்வானேன் என்று காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டேன். உரிமையாளர் அங்கேயே போனில் லீக் அலுவலகத்துக்கு மெயில் தட்டினார். எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள் என்று என்னிடம் நீட்டினார். இல்லை என்றேன்.

ஏழு ஐம்பதுக்கு லெஃப்ட் பேக் உள்ளே வந்தார். கையில் பிளாஸ்டிக் உறை, உள்ளே சான்றுத் தாள்.

"வாப்பா, வா வா! நேத்து எவ்வளவு தடுத்தே நீ!" என்று வங்கிக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"இல்லீங்க, ஷிஃப்டுக்கு நேரமாச்சு. கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"கையெழுத்து எங்க ஓடிப் போகுது? முதல்ல சாப்பிடு," என்றார் உரிமையாளர். "சீல் கடையில இருக்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவருக்கு மசால் தோசை வந்தது. கேட்காமலே ஒரு கேசரிபாத்தும் வந்தது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஐ.டி. இளைஞர் அக்கறையாக விசாரித்தார். அவர் இருந்த பத்து நிமிடத்தில் நட்சத்திரம் போனதைப் பற்றி மறுபடியும் பேசினார்கள். "துரோகி" என்று இரண்டு முறை சொன்னார்கள். அவரும் தலையாட்டினார்.

அவர் எழுந்தபோது நானும் எழுந்து பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"அப்படீங்களா," என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின், "யாரு சொன்னாங்க சார்?"

"கை தூக்கினாங்க."

"எத்தன பேருங்க?"

"மூணு பேர்."

"நீங்க?"

"நான் தூக்கலை."

"செரிங்க," என்றார். பஸ் வந்தது. கூட்டத்தில் பிளாஸ்டிக் உறையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஏறினார்.

செவ்வாய் மாலை லீக் அலுவலகம் பதில் அனுப்பியது. விடுவிப்பு ஏற்கப்பட்டது. மாற்று வீரரை எடுக்க உச்சவரம்பில் இடம் இல்லை. எந்த விதியின்படி என்றும் எண் போட்டிருந்தார்கள். நான் மேசையில் சொன்ன அதே விதி.

முதல் நாள் ஆட்டம் இல்லாவிட்டாலும் புதன் காலை மேசை கூடியது. "இதெல்லாம் ஒரு ரூலா?" என்றார் இளைஞர். "எந்தக் காலத்துல இருக்காங்க இவங்க?" லீக் அலுவலகத்துக்கு விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முடிவாயிற்று. இதற்கெல்லாம் மூலகாரணம் அந்த வடக்கத்தியான் ஓடிப்போனதுதான் என்றும் முடிவாயிற்று. அவன் இருந்தால் கோப்பை நமக்குத்தான் என்றார் வங்கிக்காரர். அணி அப்போது ஐந்தாவது இடத்தில் இருந்தது. மேல்முறையீடு செய்வதா என்று உரிமையாளர் கேட்டார், கைகள் உயர்ந்தன. லெஃப்ட் பேக்கைப் பற்றிப் பேச்சு வரவில்லை. நானே எடுத்தேன்.

"ஆமா, அது ஒண்ணு இருக்கில்ல," என்றார் உரிமையாளர். அவர் கெட்டவர் அல்ல, மறந்துவிட்டார். "என்ன வேணுமோ நீங்களே எழுதிக் கொண்டாங்க ஸார். கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

அன்று பகல் லீக் அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். மறுபடி சேர்க்க வழி உண்டா என்று கேட்டேன். நீங்கள் அணியில் என்ன பொறுப்பில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். பொறுப்பு ஒன்றும் இல்லை என்றேன். அப்படியானால் உரிமையாளர் பேசட்டும் என்றார்கள். உரிமையாளர் பேசினார். முடியாது என்று அவரிடமும் சொன்னார்கள்.

சான்றை எழுதினேன். இன்ன தேதியிலிருந்து திங்கட்கிழமைவரை அணியில் இருந்தார், ஒழுங்கானவர், எல்லா ஆட்டங்களிலும் இறங்கினார். உரிமையாளர் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார், சீலும் வைத்தார். வியாழக்கிழமை லெஃப்ட் பேக் என் வீட்டுக்கு வந்து வாங்கி, நின்றபடியே படித்தார்.

"திங்கக்கெழம வரைக்கும்னு போட்டிருக்கீங்களே சார்."

"அதுதானே நடந்தது."

"நடந்தது எனக்கும் தெரியுமுங்க. லீக் முடியற வரைக்கும்னு கேக்கறாங்க. அப்படியே எழுதிட்டா அவரு போட்டுத்தான குடுப்பாரு?"

போட்டுக் கொடுப்பார். நான்தான் எழுத மாட்டேன் என்றேன். லீக் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்தால் பொய்ச்சான்று என்று ஆகிவிடும், பிறகு எங்குமே விண்ணப்பிக்க முடியாது என்று விளக்கினேன். விளக்கம் சரியானது. திங்கட்கிழமை காலை அந்த மேசையில் இதில் பாதி வார்த்தைகள்கூட நான் செலவு செய்யவில்லை.

அவர் தாளை மடிக்காமல் உறைக்குள் வைத்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி ஷிஃப்டுக்கு ஆள் குறைவு என்று தொழிற்சாலையிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். ஐந்து மணிக்கு முடியும் விண்ணப்பத்தை அனுப்பாமலே அவர் போனார்.