புஸ்வாணத்துக்கு ஒரு மேலங்கி

உப்பிலியின் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் பூசியவர். கருடனின் மூக்கையும் அன்னத்தின் கழுத்தையும் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்குப் படிப்பில் எங்கே புத்தி போகும்? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைகழுவியது. மீசை முளைத்த கையோடு, ராஜபாளையத்தில் ஐயாதுரை நடத்திய லேபிள் பிரஸ்ஸில் ஆர்டிஸ்டாகச் சேர்ந்துகொண்டார். அன்றிலிருந்து காலை பஸ்ஸில் போவதும் பொழுது சாயத் திரும்புவதும்தான் அவர் பிழைப்பு.

ஆர்டிஸ்ட் என்பது மரியாதைக்காகச் சொல்வது. செய்ததெல்லாம் காப்பி. பேண்டேஜ் பாக்கெட்டோ, பெருங்காய டப்பாவோ, பட்டாசுப் பெட்டியோ, எதுவானாலும் ஐயாதுரை ஒரு பழைய காலண்டரையோ வெளிநாட்டு மிட்டாய் டப்பாவையோ மேஜையில் வைத்து, “இதே மாதிரி, ஆனா மீசையோட” என்பார். உப்பிலியும் மீசை வைத்துக் கொடுப்பார். வெளிநாட்டுப் பறக்கும் வீரர்கள் எத்தனை பேருக்கு அவர் கையால் மீசை முளைத்தது என்று அந்த வீரர்களுக்கே தெரியாது. சாவதற்குள் சொந்தமாக ஒரு வீரனை, உச்சி முதல் உள்ளங்கால் வரை தானே யோசித்து வரைந்து, அச்சில் பார்த்துவிட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். மனைவி வஞ்சுளவல்லியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

எண்பத்தேழில் அதற்கு நேரம் வந்தது. இப்படிக் காப்பியடித்த வேறொரு பிரஸ்ஸுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டதாக ஒரு பேச்சு கிளம்பியது. ஐயாதுரை மேஜையில் இருந்த மிட்டாய் டப்பாக்களையெல்லாம் பரணில் ஏற்றினார். அந்த நேரம் பார்த்து ஒரு பட்டாசுக் கம்பெனி, புஸ்வாணத்துக்கு மேலங்கி போட்ட வீரர்கள் வரிசையாக வேண்டும் என்று கேட்டு வந்திருந்தது.

“ஏலே உப்பிலி, இந்தத் தடவ எதையும் பாக்காத. நீயே யோசிச்சு வரை” என்றார் ஐயாதுரை.

உப்பிலிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் உலகநாட்டுக் கொடிகள் போட்ட பள்ளிக்கூடச் சார்ட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நாட்டுக்கு ஒரு வீரன், கொடிதான் உடுப்பு.

சொல்வது சுலபம். கொடியை அப்படியே போர்த்தினால், வீரன் அரசு மரியாதையோடு அடக்கம் ஆகப்போகிறவன் மாதிரி இருந்தான். அப்புறம்தான் கொடியைப் பிரித்துப் போட வேண்டும் என்று புரிந்தது. ஜப்பான்காரனுக்குச் சூரியனை மார்புக் கவசமாக்கினார். நேபாளக் கொடியின் இரண்டு முனைகளும் தோள்பட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தன. ஜமைக்காவின் பெருக்கல் குறி நெஞ்சில் குறுக்குத் தோல்வாராக மாறியது. சுவிட்சர்லாந்துக்காரனைப் பார்த்த ஐயாதுரை, “இவன் ஊசி போட வந்த கம்பவுண்டர்லா?” என்று தள்ளிவிட்டார். இலங்கைச் சிங்கத்தை நீட்டியபோது தாளைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். ஈழப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த அந்த வருஷம் அதை அச்சடித்தால் பிரஸ்ஸில் ஒரு கண்ணாடி மிஞ்சாது.

மூவர்ணத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். புஸ்வாண லேபிள் விரித்த விசிறி போல இருக்கும். சுற்றி ஒட்டினால் கூம்பு. மேலே குறுகிய இடத்தில் காவித் தலைப்பாகை, நடுவில் வெள்ளைச் சட்டை, மார்பில் சக்கரம், கீழே அகலமாக விரிந்து விழும் பச்சை மேலங்கி. விசிறித்தாள் அந்த உடுப்புக்கென்றே வெட்டியதுபோல அமைந்தது. மேலங்கியின் தோளில் மட்டும் அப்பா கருடனுக்குப் போடுகிற இறகு வரிசையைப் போட்டார். முகத்துக்கு யாருடைய சாயலும் இல்லை. மீசையும் வைக்கவில்லை.

மாதிரிக்கு அடித்துப் பார்க்கும் ப்ரூஃப் வந்த அன்று தாளைச் சுருட்டி வேட்டி மடியில் செருகிக்கொண்டு, கசங்கிவிடுமே என்று பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார் மனுஷன்.

வஞ்சுளவல்லி கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது. முகமே சொல்லியது. கத்தரிக்கோல் எடுத்து மூவர்ண லேபிளை வெட்டி, கூம்பாகச் சுற்றி, தரையில் நிறுத்தினாள்.

“ஏங்க, இத இப்படித்தான தெருவுல வச்சுக் கொளுத்துவாவ?”

“ஆமா.”

“மொதல்ல எரியுதது தலப்பா. பொறவு மத்ததெல்லாம் கருகி, தெருவுல போறவன் வாறவன் காலுல மிதிபடும். நம்ம கொடி இல்லையா இது?”

லேபிள்காரர்களுக்கு உலகம் தட்டையானது. விரித்த தாளில் வரைவார்கள், விரித்த தாளில் ப்ரூஃப் பார்ப்பார்கள், விரித்த தாளாகவே கட்டி அனுப்புவார்கள். அது கூம்பாகும் என்பது தெரியும்; கொளுத்தத்தான் செய்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் ஒரு தடவைகூட உப்பிலி அதைத் தரையில் நிறுத்திப் பார்த்ததில்லை.

“நம்மூருக் கொடிய மட்டும் எடுத்துரச் சொல்லுதேன்” என்றார்.

“அடுத்தவன் கொடி மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?”

மறுநாள் வெட்டிய லேபிளையும் மிச்சத் தாளையும் எடுத்துக்கொண்டு ஐயாதுரை முன்னால் போய் நின்றார். “அண்ணாச்சி, வேற உடுப்பு போட்டுத் தாரேன். இது வேண்டாம்.”

“கிறுக்கா பிடிச்சிருக்கு? லட்சுமி படத்தையே போட்டு வெடிக்காவ. கொடிக்கு என்ன? ராத்திரியே மெஷின்ல ஓடி முடிஞ்சு சரக்கும் போயாச்சு. போயி வேலையப் பாரு.” தாளையும் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார்.

தீபாவளி வரைக்கும் உப்பிலிக்குச் சோறு இறங்கவில்லை. ஆசை ஆசையாய்ப் பெற்ற பிள்ளை தெருவில் எரியப்போகிறது, அதுவும் கொடியோடு. அதைவிடப் பெரிய பயம் ஒன்று பக்கத்துத் தெருவில் குடியிருந்தது. கோர்ட்டில் ஜட்ஜுக்கு முன்னால் நடக்கும் டவாலியாக இருந்த தவசிமுத்து. சுதந்திர தினத்தன்று கோர்ட்டுக் கொடியை இறக்கி மடிப்பது அவர்தான். காகிதக் கொடி ஒன்று தரையில் கிடந்தால்கூட எதிரில் இருக்கிற கடைக்காரனைக் கூப்பிட்டு எடுக்க வைப்பார். அவர் கண்ணில் கருகிய சக்கரம் பட்டால், வரைந்தவன் யார் என்று கேட்காமல் விடமாட்டார்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுவேட்டி கட்டிய உப்பிலி, வெளிச்சம் வந்ததும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆள் நடமாட்டம் கூடுவதற்குள் பொறுக்கிவிட வேண்டும்.

“எம்புட்டுன்னு பொறுக்குவிய?” என்றாள் வஞ்சுளவல்லி.

“முடிஞ்சவரைக்கும்.”

தெரு முழுக்கச் சிவப்புக் காகிதம். சரவெடித் தாள், கம்பி மத்தாப்புக் குச்சி, எரிந்த சங்குசக்கரம். புஸ்வாணக் கூம்புகளும் கிடந்தன, ஆனால் வெறும் அட்டையாக. ஒன்றைக் குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். லேபிளே இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஜப்பான்காரனையும் காணோம், நேபாளத்தானையும் காணோம். அவர் சரக்கு விலைபோகவில்லையோ? கொஞ்சம் முன்னால் எரிந்துவிடுமே என்று பயந்த மனுஷனுக்கு, எரியவே இல்லையோ என்று புது வருத்தம் வந்துவிட்டது.

“என்னய்யா உப்பிலி, நல்ல நாளும் அதுவுமா சாக்கோட?”

தவசிமுத்து. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உப்பிலி சாக்கை முதுகுப்பக்கம் மறைத்தார். மறைத்த வேகத்தில் சைக்கிளின் முன் மட்கார்டு கண்ணில் பட்டது. அதில், சோற்றுப் பருக்கை வைத்து நீவி ஒட்டப்பட்டிருந்தான் அவருடைய வீரன். காவித் தலைப்பாகை, வெள்ளைச் சட்டை, சக்கரம், பச்சை மேலங்கி, தோளில் கருடனின் இறகு. ஒரு சுருக்கம் கிடையாது.

“இது எங்க கிடச்சுது?”

“புஸ்வாணத்துல வந்துச்சு. எம் பேத்தி உரிச்சுக் குடுத்தா. ரெண்டு தெருவுலயும் ஒரு பிள்ளையும் இத கொளுத்த மாட்டேன்னுட்டு. நகத்தால நைசா உரிச்சு எடுத்துக்கிட்டு வெறுங்கூம்பத்தான் கொளுத்துனாவ. மத்த நாட்டுக்காரனெல்லாம் கதவுலயும் பீரோவுலயும் ஒட்டியாச்சு. இவன் மட்டும் எனக்குத்தான்னு வாங்கிக்கிட்டேன்.”

உப்பிலி மட்கார்டைத் தொட்டுப் பார்த்தார். “எனக்கு ஒண்ணு கிடைக்குமா?”

“ஒண்ணுதானய்யா இருக்கு. கடையில வாங்கிக்கிடும்.”

“இத நான்தான் வரஞ்சேன்.”

தவசிமுத்து அவரையும் சாக்கையும் மேலும் கீழும் பார்த்தார். “சரிதான். நான்தான் ஜட்ஜு” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். தெரு முனை திரும்பும்வரை அந்த மட்கார்டையே பார்த்துக்கொண்டு நின்றார் உப்பிலி.

அவர் வீடு திரும்பியபோது வஞ்சுளவல்லி வாசலிலேயே காத்திருந்தாள். காலிச் சாக்கு காற்றில் ஆடுவதைப் பார்த்தவள் பதறிப்போய், “என்ன, மிதிச்சு நாசம் பண்ணிட்டாவளா? ஒண்ணுகூடவா கிடைக்கல?” என்று கேட்டாள்.

“ஒண்ணுகூடக் கிடைக்கல” என்றார் உப்பிலி. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.