அலகுக்குச் சுடுதண்ணீர் அபிஷேகம்

இதை எழுதினால் சாமி குத்தமாகுமோ என்று பல வருடம் தயங்கினேன்.

எழுபதுகளில், இலங்கையில் பதுளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் எல்லோருக்கும் ஒரே அலகைத்தான் குத்துவார்கள். குத்திக்கொண்ட என் தம்பி சில மாதத்தில் மஞ்சள்காமாலையில் படுத்தான். அவன் பிழைக்க நானும் அலகு குத்துவதாக நேர்ந்துகொண்டேன்.

காமாலையை ஆராய்ந்து எழுதும் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்து தம்பிக்கு வைத்தியம் பார்த்தார். “இது இரத்தத்தாலயும் தொத்தும். அலகை அவிச்சுப்போட்டுக் குத்துங்கோ” என்றார்.

அங்கிருந்த கோயில் பூசாரி சீறினார். “ஆத்தா அலக அவிக்கிறதுக்கு அது என்ன மரவள்ளிக் கெழங்காங்க?”

“பாலபிஷேகம் செய்யிறியள்தானே ஐயா? சுடுதண்ணியிலயும் ஒண்டு செய்யுங்கோ.”

பூசாரியே சிரித்துவிட்டார். நேர்த்திக்கடன் நாளில் அலகு கொதிக்கக் கொதிக்க, ஆத்தா கோபித்துக்கொள்வாளோ என்று பயந்தேன். அருள் வராவிட்டால் தம்பி என்ன ஆவான்? ஆனால் தப்பு மேளம் முழங்கியதும் ஆத்தா என்மேல் வந்தாள்.

தம்பி மெல்லத் தேறினான். காப்பாற்றியது யார் என்று மனம் இன்னும் அலைகிறது. அதனால், இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் டாக்டரையும் விடாமல், ஆத்தாளையும் விடாமல், நடந்தபடியே சொல்லுங்கள்.