பழைய விமானம் பார்க்க முதலில் பள்ளிவாசல்

வெள்ளிக்கிழமை, காலை 5.40. கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் முதல் பஸ். இருபது தேங்காய் போட்ட சாக்கைக் கண்டக்டர் காலால் தட்டிப் பார்த்தார்.

"இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடட்டுங்களா?"

"சம்பந்தி ஊட்டுக்குப் போறனுங்க. வெறுங்கையோட போக முடியுங்களா?"

அவருக்கும் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடு எங்கோ இருக்கிறது போலும். சாக்கை சீட்டுக்கு அடியில் தள்ளச் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார்.

விமானம் பார்க்க ஆசைப்பட்டவன் பெங்களூருக்குத்தானே போக வேண்டும், மூணாறு மலைக்கு எதற்குப் போனான் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. என் மகள் நந்தினி வாக்கப்பட்டது மூணாறுக்குக் கீழே பள்ளிவாசல் என்ற ஊரில். அவளுடைய மாமனார் சங்கரபாண்டி அங்கே ஒரு தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டர். முப்பத்து நான்கு வருட சர்வீஸ். மனிதருக்கு விமானப் பைத்தியம், அதுவும் பழைய விமானப் பைத்தியம். வாலிப வயதில் மானேஜர் பங்களாவிலிருந்து எடைக்குப் போட்ட பத்திரிகைக் கட்டு ஒன்றை வாங்கி வந்தாராம், அதிலிருந்து பிடித்துக்கொண்டது. இன்று வரை ஒரு விமானத்தையும் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. ஆனால் கல்யாணப் பந்தலில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, மேலே போன விமானத்தின் சத்தத்தை மட்டும் வைத்து இன்ன வகை என்று தலை நிமிராமல் சொன்னார். நான் அன்றைக்கே அவரிடம் விழுந்துவிட்டேன். எனக்குத் தென்னையும் நாலு மாடும்தான் தெரியும்.

பெங்களூருக்கு வெளியே ஒரு சின்ன ஓடுதளம் இருக்கிறது. அங்கே சிலர் சேர்ந்து பழைய விமானங்களைச் சரி பண்ணி வைத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எண்பது வயது தாண்டிய இரட்டை இறக்கை விமானம் ஒன்றை வெளியே தள்ளி வந்து இஞ்சினை ஓட்டிக் காட்டுவார்களாம். முன்கூட்டிப் போன் செய்து அனுமதி வாங்க வேண்டும், எழுதிக் கேட்டால் பதில் வராது. இருவரும் சேர்ந்து போவது என்று பேசி, போன் செய்யும் வேலையைச் சம்பந்தி ஏற்றுக்கொண்டார். அவர் பேசவே இல்லை. மூன்று மாதமாக நாள் குறிப்பதும் தள்ளுவதுமாகப் போனது. என்ன ஆயிற்று என்று கேட்க நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். நாலு மணி நேரம் கழித்து ஒரு மெசேஜ் வரும், கூடவே ஒரு விமானப் படம்.

எங்கள் பக்கம் பெண்ணைக் கொடுத்தவன் கூப்பிட்டு சம்பந்தி போனை எடுக்கவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், மதிக்கவில்லை என்பது. "போயி நேர்லயே கேட்டுப்போட்டு வந்துருங்க" என்று வீட்டுக்காரி சொன்னாள். வருவதாக நந்தினியிடம் சொல்லிவிட்டு, கேட்பது என்று முடிவு செய்துதான் பஸ் ஏறினேன். பயணம் உண்டு என்றால் சரி, இல்லை என்று மழுப்பினால் இனி நல்லது கெட்டதுக்கு மட்டும் போய் வருவது. மகள் வாழும் வீட்டோடு அப்படி ஒரு கோடு போட்டுக்கொள்வது லேசில்லை என்பதும் தெரிந்தேதான் இருந்தது.

7.05, பொள்ளாச்சி. டீ பதினைந்து ரூபாய், சர்க்கரை தூக்கல். 8.20, உடுமலைப்பேட்டை. மூணாறு பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. இங்கிருந்து மூணாறு எண்பத்தைந்து கிலோமீட்டர். அமராவதி அணையைத் தாண்டினால் காடு. சின்னாறு செக்போஸ்டில் ஒரு வனத்துறைக்காரர் ஏறிச் சாக்கைப் பிரிக்கச் சொன்னார். இருபது தேங்காயையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"எல்லாம் ஒரு வீட்டுக்கா?" என்றார் மலையாளத்தில்.

"மகள் வீட்டுக்குங்க" என்றேன். அவரே கட்டிக் கொடுத்தார்.

மறையூரில் வெல்ல வாசனை. கரும்பு ஆலைகளிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே வளைவுக்கு வளைவு குளிர் ஏற, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டேன். தேயிலைச் சரிவுகள் வந்ததும் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்கள். நான் சம்பந்தியிடம் என்ன கேட்பது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காரமாகிக்கொண்டே வந்தது.

12.10, மூணாறு. பள்ளிவாசல் எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார்கள். சங்கரபாண்டி வீடு என்றதும் டிரைவர் சிரித்தார்.

"ஏரோப்ளேன்காரர் வீடா? ரோட்டுல பின்னாடி நின்னு ஹாரன் அடிச்சா ஒதுங்க மாட்டாரு சார். மேல வானத்தைப் பாத்துக்கிட்டேதான் நடப்பாரு. பயந்து பயந்து ஓட்டுதோம்."

மனிதருக்குத் திமிர்தான் என்று நினைத்துக்கொண்டேன். என் கோபத்துக்கு அதுவும் தோதாக இருந்தது.

மாப்பிள்ளை மூணாறில் ஓட்டல் வேலைக்குப் போயிருந்தார். சம்பந்தியம்மா தேயிலைக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார், திரும்ப ஐந்து மணி ஆகும். ஷிப்ட் முடிந்து வந்த சங்கரபாண்டி கையில் எண்ணெய் வாசனையோடு வாசலிலேயே நின்றிருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சம்பந்தி, வாங்க. நேத்தையில இருந்து எதிர்பாத்துக்கிட்டே இருக்கேன்."

இவ்வளவு பிரியமாகப் பேசுகிறவரிடம் எடுத்த எடுப்பில் எப்படிக் கேட்பது? சாப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன்.

சாப்பிடும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. எங்கள் வீட்டில் சமையலறையிலிருந்தே கத்திப் பேசிய நந்தினி, இங்கே ஒவ்வொரு பேச்சுக்கும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, மாமனாருக்கு நேர் எதிரே நின்று, "மாமா, ரசம் ஊத்தட்டுங்களா?" என்று நிதானமாகக் கேட்டாள். கலெக்டர் முன்னால் மனு கொடுக்க நிற்கிறவள் போல நின்றாள். என்னதான் மரியாதை என்றாலும் இது எனக்குப் பிடிக்கவில்லை. என் பெண்ணை இப்படி நிற்க வைத்துவிட்டார்களே.

பிற்பகல் மூன்று மணி. முன்னறை மேசையில் சங்கரபாண்டி தன் ஃபைலைப் பிரித்தார். கோயம்புத்தூரில் எந்த ரயில், எந்தப் பெட்டி, பெங்களூரில் இறங்கி எந்த பஸ், எல்லாம் சிவப்பு மையில் கட்டம் கட்டியிருந்தது. விமானத்தின் படத்தைக் காட்டினார். இறக்கையில் தகடு கிடையாதாம், மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தி வார்னீஷ் பூசியதாம். இஞ்சினுக்கு சாவியும் கிடையாது, ஒருவர் முன்னால் நின்று காற்றாடியைக் கையால் சுற்றிவிட வேண்டுமாம்.

"நம்ம கிணத்து மேட்டுல பழைய ஆயில் இஞ்சின ஹேண்டில் போட்டுச் சுத்துவமே, அப்படிங்களா?" என்றேன்.

"அதேதான் சம்பந்தி. படம் பாத்துப் பாத்து எனக்கு அதுல ஒவ்வொரு ஆணியும் தெரியும். படத்துல சத்தம் கிடையாதுல்லா. போன்ல கேட்டா தகர டப்பாவைத் தட்டுன மாதிரி இருக்கு. நேர்ல அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டுரணும். அது ஒண்ணுதான்."

இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன். அப்போது மேலே ஒரு விமானம் போனது. மலைக்கு மேல் மேகம் இல்லை, சத்தம் நன்றாக இறங்கியது. இன்ன வகை என்று இப்போது சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். அவர் தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து இரண்டாக உடைத்து, பாதியை என் பக்கம் நீட்டினார்.

விமானம் மலையைத் தாண்டிப் போய்விட்டது. என் முகத்தில் எதைக் கண்டாரோ, சட்டென்று ஜன்னலுக்கு வெளியே அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையில் முறுக்கு அப்படியே இருந்தது.

"போயிருச்சா?" என்றார்.

"போயிருச்சுங்க."

முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். முப்பத்து நான்கு வருடம் இலை அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றது. வலது காது போய் இரண்டு வருடம் ஆகிறது. இடது காதில் பாதி இருக்கிறது, அதுவும் ஒரு வருடத்துக்குமேல் தாங்காது என்று அடிமாலியில் டாக்டர் சொல்லிவிட்டார். எதிரே இருப்பவர் வாயைப் பார்த்தால் பேச்சு புரிந்துவிடும், போனில் வாய் தெரியாது. காதில் மெஷின் மாட்டினால் ஃபாக்டரியில் தெரிந்துபோகும். ஓடுகிற மெஷினில் பழுது எங்கே என்று காதை வைத்துக் கண்டுபிடிப்பதுதான் ஃபிட்டர் வேலை. ரிட்டயராக இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது.

"வீட்டுலயும் சொல்லல சம்பந்தி. பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு நடக்கும்போது ஆரம்பிச்சது. அப்புறம் சொல்ல வாய் வரல. உங்க போன் வரும்போதெல்லாம் கையில வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பேன். எடுத்து என்னத்தைப் பேச?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று மாதம் இந்த மனிதரை மனசுக்குள் வைது தீர்த்திருக்கிறேன். என் கோபம் முழுவதும் அவருக்குக் கேட்காத இடத்திலேயே நடந்திருக்கிறது. கொல்லங்கோட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கேள்வியை அவரிடம் கடைசி வரை கேட்கவில்லை. இன்று எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"நெம்பரக் குடுங்க, நான் பேசறேன்" என்றேன்.

மாலை 4.15. அந்தக் குழுவில் போன் எடுத்தவர் பெங்களூர்த் தமிழர், நல்ல மாதிரியாகப் பேசினார். சங்கரபாண்டி என் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிறு, காலை எட்டு மணி, ஆள் ஒன்றுக்கு நூறு ரூபாய். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவர் சொன்னார்: "எல்லாரும் கயித்துக்கு வெளியதான் சார் நிக்கணும். காதுக்கு அடைப்பான் நாங்களே தருவோம், கண்டிப்பா போடணும். சத்தம் அப்படி இருக்கும். காது போயிடும்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு இதை அப்படியே சங்கரபாண்டிக்குச் சொன்னேன். அவர் தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"காது போயிருமாமா? இனிமே கெடுறதுக்கு என்ன இருக்கு? என்னை மட்டும் கயித்துக்கு உள்ள விடுவாங்களான்னு கேளுங்க சம்பந்தி."

கேட்டுவிடலாம். ஆனால் காரணம் சொல்லாமல் கேட்க முடியாது. பத்தடி தள்ளிச் சமையலறையில் நந்தினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வீட்டில்கூடச் சொல்லவில்லை என்று அவர் சொல்லி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. போனில் அந்த மனிதர் "ஹலோ, ஹலோ" என்கிறார்.

துருவும் சத்தம் நின்றது. நந்தினி வந்தாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"சார், எங்க மாமாவுக்குக் காது கேக்காதுங்க. இருக்கிற கொஞ்சமும் போறதுக்குள்ள அந்தச் சத்தத்தைக் கேக்கணும்னு ஆசைப்படறாருங்க. அவரை மட்டும் பக்கத்துல நிக்க வைப்பீங்களா?"

சங்கரபாண்டி அவள் வாயைப் பார்த்தபடி எழுந்து நின்றுவிட்டார். அவள் போனைக் காதில் வைத்தபடியே அவரைப் பார்த்து நேராகத் திரும்பி, நிதானமாக, எனக்கு அத்தனை எரிச்சல் மூட்டிய அதே நிதானத்தோடு சொன்னாள்.

"கல்யாணமான மறு மாசமே தெரியுங்க மாமா. அத்தைக்கும் தெரியும்."

"ஏம்மா சொல்லல?"

"நீங்க சொல்லலைங்களே."

போனில் இருந்தவர் ஏதோ பேச ஆரம்பித்தார். நந்தினி கேட்டுக்கொண்டு, பிறகு ஒவ்வொரு வார்த்தையாக மாமனாருக்குச் சொன்னாள். அந்த விமானத்துக்குப் பிரேக் கிடையாதாம். சக்கரத்துக்குக் கட்டை வைத்தாலும், இஞ்சின் ஓடும்போது இறக்கை நுனியை இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். ஒரு பக்கம் அவரையே நிறுத்துகிறார்களாம், காற்றாடிப் பக்கம் மட்டும் போகக் கூடாதாம்.

"இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள். முதல் தடவையே அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தன் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை, காலை 7.30. சம்பந்தி மூணாறு பஸ் ஸ்டாண்டுவரை வந்து ஏற்றிவிட்டார். நந்தினியும் வந்திருந்தாள், பெங்களூர்ப் பயணத்துக்கு அவளும் வருகிறாள். ஜன்னல் வழியாக அவரிடம் பேசும்போது முகத்தைக் காட்டிப் பேசினேன். இதில் ஒரு சிரமமும் இல்லை. எங்கள் வீட்டில் நான் முப்பது வருடமாகப் பேப்பருக்குப் பின்னாலிருந்து பேசுகிறவன். வீட்டில் இருப்பவளுக்குக் காதில் குறை ஒன்றும் இல்லை, ஆனாலும் அது சரியில்லை என்று மறையூர் இறக்கத்தில் தோன்றியது.

சின்னாறு வருவதற்கு முன்னால், சிக்னல் போகும் இடத்தில், சம்பந்தியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. விமானத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி கையால் வரைந்து, சிவப்பு மையில் இரண்டு பக்கமும் எழுதிப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

இடது இறக்கை: நான். வலது இறக்கை: நீங்க.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அதற்குச் சம்மதிப்பேனா, என்னால் பிடிக்க முடியுமா, ஒன்றும் கேட்கவில்லை. சொந்தக்காரனை அப்படிக் கேட்பார்களா என்ன?