நான் போட்ட விருந்து யாருடைய கூலி?

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு, ஆம்பூரில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகர ஷெட்டை வாடகைக்கு எடுத்துச் சின்னதாகத் தொழில் தொடங்கினேன். ஷூ கம்பெனி வெட்டிக் கொடுக்கும் தோல் துண்டுகளை ஷூவின் மேல்பாகமாகத் தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என்னோடு பெரிய கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த ஏழு பெண்கள், என்னை நம்பி அந்த வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் பசை வாசனையும் ரேடியோ பாட்டும்தான் முதலில் வரும். மதியம் எட்டு டிபன் பாக்ஸையும் நடுவில் வைத்து, எந்தக் குழம்பு யாருடையது என்று தெரியாமல் சாப்பிடுவோம்.

பணமும் அப்படித்தான் கலந்து கிடந்தது. என் பெயரில் ஒரே ஒரு பாங்க் கணக்கு. கம்பெனி தரும் பணம் அதில்தான் விழும். நூலுக்கும் கூலிக்கும் எடுப்பதும் அதில்தான், பால்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுப்பதும் அதில்தான். எல்லாம் நம் பணம்தானே என்று இருந்தேன்.

அந்தச் சமயத்தில் என் மூத்த மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வந்தது. மண்டபம் பிடித்து, ஊரைக் கூப்பிட்டு, பிரியாணி போட்டேன். ஏழு பேரும் சேர்ந்து பணம் போட்டு மகளுக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி வந்திருந்தார்கள். பந்தியில் நானே அவர்களுக்குப் பரிமாறினேன். எனக்கு அவ்வளவு பெருமை.

அடுத்த சனிக்கிழமை கூலி நாள். கணக்கில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கம்பெனியிலிருந்து இன்னும் பணம் வரவில்லை, திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

ஒருத்தி மட்டும் நின்றாள். தைத்த சரக்கை ஆட்டோவில் ஏற்றிப் போய்க் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டு வருபவள் அவள். மற்றவர்கள் தெருமுனை தாண்டும் வரை பொறுத்திருந்தாள்.

“பணம் போன வாரமே போட்டாச்சுன்னு கம்பெனி ஸ்டோர்ல சொன்னாங்கக்கா. நான் யார்கிட்டயும் சொல்லல,” என்றாள். “அப்போ அன்னைக்கு நாங்க சாப்ட்ட பிரியாணி எங்க கூலிதானாக்கா?”

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

அடகுக்கடை சாத்துவதற்குள் ஓடி என் வளையல்களை வைத்தேன். அன்று சாயங்காலமே ஏழு வீட்டுக்கும் நடந்து போய்க் கூலியைக் கொடுத்து, நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். ஒரு வீட்டில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். இன்னொருத்தி வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவள் திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. பழைய கம்பெனிக்கே போய்விட்டாள். இன்றும் பஜாரில் பார்த்தால் சிரிப்பாள், நிற்க மாட்டாள். அது என்னவோ இன்னும் வலிக்கிறது.

அந்த வாரமே தொழிலுக்கென்று தனிக் கணக்கு தொடங்கினேன். கூலி நோட்டில் மற்றவர்கள் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதி, எனக்கும் ஒரு சம்பளம் போட்டேன். வீட்டுச் செலவு முழுக்க அதற்குள்தான்.

அன்று தனியாக நின்று கேட்டவள் நோட்டைப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, உனக்கு ரொம்ப கம்மியா போட்டுக்கினே?” என்றாள்.

“இப்போதைக்கு இதான் கட்டுப்படி ஆவுது,” என்றேன்.

இரண்டு மாதம் திண்டாடித்தான் போனேன். வீட்டில் எதைக் கேட்டாலும் அடுத்த சனிக்கிழமை என்பேன். ஆனால் அதற்குப் பிறகு கூலி நாளில் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

இப்போது இருபது மிஷின் ஓடுகிறது, இடமும் மாறிவிட்டது. என் ஒரு பொய்யை எல்லார் முன்னாலும் உடைக்காமல் அவள் தனியாக நின்று கேட்டாளே, அந்த மரியாதைக்கு இன்றுவரை தகுதியாக இருக்கத்தான் பார்க்கிறேன்.