பசையில் பதிந்த பெருவிரல்

தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதி. பாழாய்ப்போன மழைக்கு ஒதுங்கி, ஃபோனில் தமிழ் பேசிக்கொண்டிருந்த என்னைப் பட்டறைக்குள் கூப்பிடுகிறார் இலங்கை மன்னார்க்காரர் ஒருவர். பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பவர். மேசைமேல் மிகப் பழைய ஆங்கிலேய அலமாரி. முகப்பெங்கும் பல நிற மரத்தகடுகளை வெட்டிப் பதித்த பூக்கள்.

"யார் செஞ்சதுன்னு எழுதியிருக்கா?"

"அந்த நாளையில பேர் போடமாட்டினம். பூவைப் பாத்து ஆளைச் சொல்ல ஏலாது தம்பி, ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் வெட்டுவினம். நான் அடிப்பக்கம்தான் பாக்கிறனான்."

ஒரு இழுப்பறையைக் கவிழ்த்து டார்ச் அடிக்கிறார். இருநூறு வருடப் பசை கண்ணாடிபோல இறுகியிருக்கிறது. அதில் ஒரு பெருவிரல் ரேகை, குறுக்கே வெட்டுத் தழும்பு.

"இதே விரலை இன்னும் மூண்டு அலமாரியில கண்டிருக்கிறன். ஒரே ஆள்தான்."

அடுத்த இழுப்பறையைக் கவிழ்க்கிறார். காலையில் அவரே ஒட்டியதாம். பசை இன்னும் ஈரமாக மினுங்குகிறது. அதிலும் ஒரு பெருவிரல். குறுக்கே அதே தழும்பு.

நான் அவர் கைகளைப் பார்க்கிறேன். இரண்டு பெருவிரல்களையும் வெளிச்சத்தில் நீட்டுகிறார். ஒரு கீறலும் இல்லை.

"இங்கே வேற யாரு வேலை பார்க்கறாங்க?"

"நான் தனியத்தான் தம்பி. அதுதான் உங்களை உள்ளுக்குக் கூப்பிட்டனான்."