இன்னைக்கு ஒரு முடிச்சு

எங்கள் பக்கத்தில் ஓட்டைக் கார் வாங்குகிறவன் ஒன்று பணம் கொழுத்தவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூளை கலங்கியவனாக இருக்க வேண்டும். என் உப்பளம் குத்தகைக்கு எடுத்தது என்பது மரக்காணத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் எந்த ரகம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

2004 மாசியில் குயிலாப்பாளையம் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் அதைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் காலத்துச் சின்னக் கார். அடித்தளத்தைத் துளைத்துக்கொண்டு கொடி ஏறியிருந்தது. பின்சீட்டில் கோழி முட்டை வைத்திருந்தது. அந்தக் காலத்துக் கார்களில் திரும்புவதற்கு விளக்கு மினுக்காது. கதவுக்குப் பின்னால் இருக்கும் பிளவிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும், அதற்குள் மஞ்சள் கண்ணாடியும் பல்பும் இருக்கும். கைகாட்டி என்று சொல்லுவோம். நான் வலது பக்கக் கைகாட்டியை விரலால் நிமிண்டினேன். அத்தனை துருவுக்கு நடுவிலும் அது மெதுவாக வெளியே வந்தது. நான் விழுந்தது அங்கேதான்.

உப்பு லாரியில் ஏற்றி, சாக்குகள் அடுக்கும் என் கொட்டகையில் கொண்டுவந்து இறக்கினேன். "வீட்ல நான் ஒருத்தி, கொட்டகையில இன்னொருத்தியா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி உள்ளே போய்விட்டாள். அன்று சாயங்காலமே என் கூட்டாளி வந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகச் சுற்றியவன், கடலோரக் குப்பத்துக்காரன். படகு இன்ஜின்களை ரிப்பேர் பண்ணுவதில் கெட்டிக்காரன். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"டேய், இது காரு இல்லடா. துரு. துருவுக்கு நாலு டயர் மாட்டி உன் தலையில கட்டிட்டான்."

மறுநாள் காலையில் ஸ்பானர் பையோடு அவனே வந்து நின்றான்.

கழற்றுவது சுகமான வேலை. பத்துப் பதினைந்து நாட்கள் நாங்கள் சிரித்துக்கொண்டே கழற்றினோம். கதவு, மட்கார்டு, இன்ஜின், கியர் பாக்ஸ் எல்லாம் தரைக்கு வந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கொட்டகை முழுக்க உதிரிகள். கால் வைக்க இடமில்லை. எது எங்கே இருந்தது என்று இரண்டு பேருக்குமே முழுசாகத் தெரியாது. போதாததற்கு எங்கள் காற்று. உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் கல்யாணச் சாப்பாடு. இன்று இந்தப் பக்கம் தேய்த்துப் பளபளவென்று வைத்தால், அடுத்த வாரம் அது மறுபடியும் செம்பட்டை அடித்துக் கிடக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு நாள் மட்கார்டை எட்டி உதைத்துவிட்டு, "எல்லாத்தையும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடலாம்டா, ஏத்துடா வண்டியில" என்று கத்தினேன்.

அப்போது வாசலில் அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு திரும்புகிற வழியில் அவனுக்குச் சோறு கொண்டுவருவது அவள் வழக்கம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையைப் பேச்சால் அடைத்துவிட்டவள் போல அவள் பேசிக்கொண்டே இருப்பாள். சாலையில் அவன் முன்னால் நடக்க, அவள் பின்னால் பேசிக்கொண்டே வருவாள். "லொடலொடன்னு வராத, கொஞ்சம் சும்மா வா" என்று அவன் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவான். அவள் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

அன்று கூடையை இறக்கிவைத்து, தரையில் கிடந்த ஸ்குருக்களைப் பார்த்தாள். "ஏண்ணே, மொத்தத்தையும் பாத்தா யாருக்கும் மலைப்பாத்தான் இருக்கும். நாங்க கூடை மீனையும் ஒரேடியாவா வெட்டறோம்? ஒண்ணு ஒண்ணாத்தான வெட்டறோம்?" என்றாள். மறுநாள் பழைய புடவைகளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் சொல்லச் சொல்ல, இன்ன இடத்து ஸ்குரு என்று பிரித்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிறத் துணியில், சின்னச் சின்ன முடிச்சுகளாகக் கட்டினாள். இன்ஜினுக்குச் சிவப்பு, டேஷ்போர்டுக்குப் பச்சை, வலது கதவுக்கு நீலம், இடது கதவுக்கு மஞ்சள். வலை பின்னுகிறவர்கள் போடுகிற முடிச்சு. இழுத்தால் இறுகுமே தவிர அவிழாது. எல்லாவற்றையும் கொட்டகைக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டாள்.

"திருப்பி மாட்டும்போது இன்னைக்கு ஒரு முடிச்சு, நாளைக்கு ஒரு முடிச்சு. அதுக்கு மேல நெனைக்காதீங்க." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "நீ ஒரே நாளு மூணு முடிச்சு போட்டுட்டு ஓஞ்சிட்ட. நான் பாரு, இன்னும் போட்டுக்கினே இருக்கறேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தது எனக்கு இன்னும் கேட்கிறது.

அவளுக்கு அந்தக் காரிடம் ஒரே ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. மீன் கூடையோடு அவளைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு விசில் ஊதிவிடுவான். கார் ஓட ஆரம்பித்ததும் முன்சீட்டில் இடது பக்கம் அவள் உட்கார வேண்டும், அந்தப் பஸ் எங்கேயாவது நிற்கும்போது பக்கத்தில் போக வேண்டும், அவள் பக்கத்துக் கைகாட்டி வெளியே நீள வேண்டும். "நான் ஒண்ணும் பேச மாட்டேண்ணே. காரு கைய நீட்டும். போதும்." ஆனால் இடது கைகாட்டியில்தான் கண்ணாடி உடைந்து போயிருந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னால் காரின் கூட்டை மட்டும் டிங்கர் வேலைக்காகக் கோட்டக்குப்பத்தில் ஒரு பாயிடம் கொண்டுபோய் விட்டோம். அந்தக் கூட்டைத்தான் எல்லோரும் பாடி என்பார்கள். பாடி திரும்பி வருவதற்குள் கண்ணாடியைத் தேடிவிடலாம் என்று, மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவனும் என் பைக்கில் பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். அவள் கரையில் மீன் ஏலத்துக்கு நின்றிருந்தாள். "கண்ணாடி இல்லாம ரெண்டு பேரும் ஊருக்குள்ள வரக்கூடாது" என்று அங்கிருந்தே கத்தினாள்.

கண்ணாடி கிடைத்தது. பழைய சாமான் விரித்திருந்த ஒருவனிடம், சைக்கிள் மணிகளுக்கு நடுவில். என் கூட்டாளி அதைச் சட்டையில் துடைத்து, வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தான். அப்போதுதான் கடற்கரைப் பக்கமிருந்து ஜனங்கள் ஓடிவந்தார்கள். கடல் உள்ளே வருகிறது என்றார்கள். எங்களுக்குப் புரியவில்லை. சுனாமி என்ற வார்த்தையை அன்று மத்தியானம்தான் முதன்முதலாகக் கேட்டோம்.

குப்பத்தில் நாங்கள் பார்த்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. அவள் கிடைக்கவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. தேடிக் களைத்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது, அவன் சட்டைப் பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்தான். கீறல்கூட விழாமல் இருந்தது. "இத நீயே வச்சுக்க" என்று என் கையில் கொடுத்தான்.

அதன் பிறகு குப்பத்துக்காரர்களைத் தகரக் கொட்டகைகளில் தங்கவைத்தார்கள். அங்கே ஒருவரை ஒருவர் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "பாடி கெடச்சுதா?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள். அவன் விடிந்ததிலிருந்து கரையிலேயே இருப்பான். தினமும் சாயங்காலம் நான் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். ஒரு நாள் கடலைப் பார்த்தபடியே சொன்னான்: "அந்தக் காருக்கோசரம் போனேன்டா." அன்று ராத்திரியே கொட்டகையைப் பூட்டிவிட்டேன். பாயிடம் கொடுத்த பாடியை நாங்கள் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

பாய் மறக்கவில்லை. மாசி பிறந்திருக்கும், அவர் எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து, கார் பாடி ரெடி, படகு இன்ஜின் பார்க்கிற தம்பியை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றிருக்கிறார். பூத்துக்காரர் ஒரு சைக்கிள்காரரிடம் சொன்னார். அவர் தகரக் கொட்டகையில் யாரிடமோ சொன்னார். மூன்று வாய் மாறியதில் கார் காணாமல் போய்விட்டது. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவன் செருப்பில்லாமல் சாலையை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தான்.

"கோட்டக்குப்பத்துல பாடி இருக்குதாம்டா. வண்டிய எடு."

எனக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டதா, புரியவில்லையா என்று இன்று சொல்லத் தெரியவில்லை. அவனை ஏற்றிக்கொண்டு ஓட்டினேன். வழியெல்லாம் அவன் என் தோளைப் பிடித்தபடி, "புடவை இருந்தா எனக்குத் தெரியும், புடவை இருந்தா தெரியும்" என்றே சொல்லிக்கொண்டு வந்தான். கோட்டக்குப்பத்தில் நுழைந்து ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று விசாரிக்க நிறுத்திய இடத்தில், எதிரில் பாயின் பட்டறை. சாம்பல் பிரைமர் அடித்து, துரு என்பதே தெரியாமல், பாடி வெயிலில் நின்றது.

அவன் அதையே பார்த்தான். பாய் சிரித்த முகத்தோடு வெளியே வந்தவர், அவன் காலில் செருப்பில்லாததைப் பார்த்ததும் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். "யா அல்லா, நான் காரோட பாடின்னுதான தம்பி சொன்னேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவன் மெதுவாக நடந்துபோய், கதவில்லாத அந்தக் கூட்டுக்குள் ஏறி, இடது பக்கம், சீட்டு இருக்கவேண்டிய வெறும் தகரத்தின் மேல் உட்கார்ந்தான். பிறகு அழுதான். அத்தனை நாளும் அவன் அழுது நான் பார்த்ததில்லை. பாய் பட்டறையில் சுத்தியல் சத்தத்தை நிறுத்தச் சொன்னார். நான் வெளியே நின்று, தகரத்தின் மேல் கை வைத்தபடி அழுதேன்.

அடுத்த வாரம் பாயே பாடியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். மறுநாள் நான் போனபோது அவன் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தான். பூட்டைத் திறந்தேன். கொடியில் அவள் கட்டிய முடிச்சுகள் அப்படியே தொங்கின. நீர்க்கடுப்பு வந்தவன் போல அவன் அங்குமிங்கும் நடந்தான். பிறகு ஒரு சிவப்பு முடிச்சை எடுத்துப் பல்லால் கடித்து அவிழ்த்தான். ஸ்குருக்களைத் தட்டில் கொட்டினான். துணியை மூக்கருகே கொண்டுபோனான். கிரீஸ் வாடைதான் அடித்திருக்கும். நாலாக மடித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்தான்.

"இன்னைக்கு ஒரு முடிச்சு. ரெண்டாவது கேக்காத" என்றான்.

நான் பொறுமை இல்லாதவன். சில நாள் அரை மணியில் வேலை முடிந்துவிடும், இன்னொன்றை அவிழ்த்தால் என்ன என்று வாய்வரை வரும். ஒரு தடவை கேட்டும் விட்டேன். அவன் ஸ்பானரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான், இரண்டு நாள் வரவில்லை. அதற்குப் பிறகு கேட்கவில்லை. வேலை இழுத்தது. உதிரி கிடைக்காமல் மாதக்கணக்கில் நின்றது. ஐப்பசியில் அடைமழை பெய்து கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர். மாட்டியதைப் பாதி மறுபடியும் கழற்றித் துரு எடுத்தோம். முன்பென்றால் நான் பத்து ஊர் கேட்கக் கத்தியிருப்பேன். அந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. வேலை மிச்சமிருக்கிறதே என்று உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. கார் முடிந்துவிட்டால், அதற்கு மறுநாள் காலையில் அவன் எதற்காகப் படுக்கையை விட்டு எழுந்திருப்பான் என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் அந்தப் பயம் இருந்தது. கொடியில் முடிச்சு குறையக் குறைய அவன் கை மெதுவாகிக்கொண்டே வந்தது.

2006 ஆடியில் இன்ஜின் உயிர் பிடித்தது. இடது கைகாட்டிக்கு அந்தக் கண்ணாடியை நான்தான் மாட்டினேன், அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கொடியில் மிஞ்சியது ஒரே ஒரு மஞ்சள் முடிச்சு. இடது கதவின் உள்பக்கத் தகட்டுக்கான ஸ்குருக்கள். கதவு நன்றாகத்தான் சாத்திக்கொண்டது, உள்தகடு மட்டும் இரண்டு கொக்கிகளில் தொங்கியது.

"இத அவுக்காத" என்றான்.

"தகடு ஆடும்டா."

"ஆடட்டும்."

மஞ்சள் முடிச்சை எடுத்து டேஷ்போர்டு அறையில் வைத்து மூடினான்.

மறுநாள் காலையில் ஈ.சி.ஆர். சாலையில் வண்டியை எடுத்தோம். அவன் ஓட்டினான். நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். முன்னால் இடது பக்கத்தைக் காலியாக விடுவது என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. உப்பளங்களைத் தாண்டியதும் ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றிருந்தது. அதே கண்டக்டரா என்று எனக்குத் தெரியாது. அவன் வேகத்தைக் குறைத்துப் பஸ்ஸுக்குப் பக்கமாகப் போய் ஸ்விட்சைத் தட்டினான். இடது கை மெதுவாக வெளியே நீண்டது. உள்ளே மஞ்சள் கண்ணாடி எரிந்தது. ஜன்னல் வழியே தலையை நீட்டிய கண்டக்டர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். கொஞ்ச தூரம் போகும்வரை அவன் கையை மடக்கவில்லை.

வேகம் பிடித்ததும் இடது கதவின் தகடு ஆட ஆரம்பித்தது. சாலை மேடு பள்ளத்துக்கெல்லாம் அது பதில் சொல்லிக்கொண்டே வந்தது. அவன் கியரை மாற்றினான். பாதையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "லொடலொடன்னு வராத, கொஞ்சம் சும்மா வா" என்றான்.

சொன்னது அவன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். வண்டி நின்றதும் கதவும் வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதியை என்னால் ஒரு நிமிஷம்கூடத் தாங்க முடியவில்லை.

"வண்டிய எடுடா" என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தான். கதவு மறுபடியும் ஆரம்பித்தது.